காவிரிப் பாலமும் என் படபடப்பும்

2018 டிசம்பர் மாதம். ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்குப் போக ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். மாம்பழச்சாலை தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஏதோ நெரிசல். இருபது வருடமாகப் போய்வந்த பாலம்தான். ஆனால் அன்று திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போயின. உதட்டைச் சுற்றி ஊசி குத்தியது. மூச்சு முட்டி, கண் இருட்டி, இன்றோடு என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். கண்டக்டரிடம் சொல்லிப் பாலத்தின் நடுவிலேயே இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு புண்ணியவதி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

ஈசிஜி எடுத்தார்கள். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான். ரெஸ்ட் எடுங்க" என்று வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லோடு எட்டு மாதம் வாழ்ந்தேன். எக்கோ, டிரெட்மில், வயிற்று ஸ்கேன் என்று அலைந்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. நான் மட்டும் நன்றாக இல்லை. பஸ்ஸில் ஏறப் பயம், லிஃப்டில் பயம், கோயில் கூட்டத்தில் பயம். பிறகு தனியாக வீட்டில் இருக்கவும் பயம். அம்மா மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினாள். அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். அந்த ஐந்து நிமிடம்தான், அந்த வீட்டில் ஒருவர் என்னை வேலை எதுவும் சொல்லாமல் நிற்கவைத்துக் கண்ணெடுத்துப் பார்த்த நேரம்.

வழி காட்டியது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே போக எனக்கு இரண்டு மாதத் தயக்கம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ற கூச்சம்தான், வேறொன்றுமில்லை. அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது என் மனதைப் பற்றி இல்லை. "மாதவிடாய் எப்படி இருக்கு? ரத்தம் அதிகமாப் போகுதா? எத்தனை காபி குடிக்கிறீங்க? காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். தைராய்டுக்கும் ரத்தத்துக்கும் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.9. எனக்கு அப்போது வயது 45. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் ரத்தப்போக்கு கூடியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடித்துத்தான் ஈடுகட்டும். அந்தத் துடிப்பைக் கேட்டு மனம் பயப்படும். பயந்தால் துடிப்பு இன்னும் கூடும். உடம்பில் பாதி, மனதில் பாதி என்று பிரிக்க முடியாத ஒரு சுழல் அது.

நம் பாட்டிகளுக்கு இது தெரிந்திருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது என்று பயத்தை உடம்பின் பாஷையில்தான் நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். ஆகவே சிகிச்சையும் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். முழுமையான சிகிச்சை என்றால் நான் புரிந்துகொண்டது இதுதான். மருந்தை ஒதுக்கிவிட்டு மூச்சுப் பயிற்சிக்குப் போவதை நான் முழுமை என்று சொல்லமாட்டேன்.

இரும்புச்சத்து மாத்திரையோடு பதற்றத்துக்கும் ஒரு சிறிய மாத்திரை கொடுத்தார் டாக்டரம்மா. பலன் தெரிய சில வாரம் ஆகும், முதல் பத்து நாள் படபடப்பு கொஞ்சம் கூடுவதுபோலக்கூட இருக்கும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்தியிருப்பேன். ஆனாலும் நான்காவது மாதம், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானாக நிறுத்தினேன். தலை கிறுகிறுத்து, தூக்கம் கெட்டு, பழைய பயமெல்லாம் திரும்பி வந்தது. மறுபடியும் ஆரம்பித்து, பிறகு டாக்டர் சொன்னபடி அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் விட்டேன். மாத்திரை உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காதீர்கள்; சத்து உடம்பில் ஒட்டாது. நான் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டேன்.

இனி மூச்சு. பயம் வரும்போது சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "மூச்சை நல்லா இழுத்து விடு." என் விஷயத்தில் கெடுத்தது அதுதான். படபடப்பில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. விரல் மரப்பதும், உதட்டில் ஊசி குத்துவதும், தலை சுற்றுவதும் அதனால்தான். இன்னும் இழுத்தால் இன்னும் மோசமாகும். உளவியல் ஆலோசகர் சொல்லிக்கொடுத்தது வேறு: வாயை மூடி மூக்கால் நாலு எண்ணும் வரை மெல்ல இழு, ஆறு எண்ணும் வரை விடு. வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு வேலை செய்யும். ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு.

பயம் வந்த பிறகு இதைக் கற்றுக்கொள்ள முடியாது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியுமா? ஒன்றும் நடக்காத நேரத்தில் பழகி வைக்க வேண்டும். குக்கரில் மூன்று விசில் வரும் வரை அடுப்படியில் நின்றபடியே பழகினேன். கண்ணை மூடினால் எனக்குப் பதற்றம் கூடியது, அதனால் திறந்தே வைத்துக்கொண்டேன். அதில் தவறு ஒன்றுமில்லை. யோகா வகுப்பில் வேகமாக மூச்சு விடும் கபாலபாதி எனக்கு ஒத்துவரவில்லை. செய்த உடனே நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆசிரியையிடம் மனம்விட்டுச் சொன்னேன். அதை நிறுத்திவிட்டு, வண்டுபோல ரீங்கரிக்கும் பிராமரியைக் கொடுத்தார். அது இன்றுவரை கைகொடுக்கிறது. உங்கள் ஆசிரியரிடம் உங்கள் பதற்றத்தை மறைக்காதீர்கள்.

அடுத்தது தசை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு தளர்த்தினால், இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்புக்கே விளங்கும். தளர்ந்த உடம்பில் பதற்றம் அதிக நேரம் தங்காது. பாதத்தில் தொடங்கி நெற்றி வரை செய்யச் சொன்னார்கள். தாடைக்கு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தாடையைத் தளர்த்தத் தெரியவில்லை. என் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதாகப் பல் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், தூக்கத்தில் நறநறவென்று கடிப்பதாக என் மகளும் சொல்லியிருந்தாள். "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! கல்யாணமான புதிதில், பிரசவத்தில், மாமனார் படுக்கையில் கிடந்த இரண்டு வருடத்தில். என் உடம்பு அதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, கேட்டு நடந்திருக்கிறது. இப்போதும் அலுவலகத்தில் மணிக்கு ஒருமுறை மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஒட்டியிருந்தால் நாக்கை இடையில் வைத்து விடுவிக்கிறேன்.

எண்ணங்களுக்கு ஒரு நோட்டு போட்டேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் இது எனக்கு எளிதாக இருந்தது. இடதுபக்கம் 'பயந்தது', வலதுபக்கம் 'நடந்தது'. 'பஸ்ஸில் மயங்கி விழுவேன்.' விழவில்லை, சிந்தாமணியில் இறங்கி நடந்தேன். 'மகள் போன் எடுக்கவில்லை, ஏதோ ஆகிவிட்டது.' வகுப்பில் இருந்தாள். மூன்று மாதத்தில் 41 வரிகள். வலதுபக்கத்தில் மாரடைப்பு என்று ஒருமுறைகூட எழுத நேரவில்லை. மற்றவர்கள் நூறு முறை தைரியம் சொல்லியும் நம்பாத மனம், என் கையெழுத்தை நம்பியது.

பிறகு பாலம். பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அந்தப் பயம் பெருகும் என்று ஆலோசகர் சொன்னார். முதல் வாரம் மகளோடு மாம்பழச்சாலை வரை பஸ்ஸில் போய் இறங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் பாலத்தின் கால்வாசி தூரம் நடந்து திரும்பினேன். பிறகு பாதி. பிறகு முழுப் பாலமும், மகள் ஐம்பது அடி பின்னால் வர. பிறகு பஸ்ஸில் தனியாக. நடுவில் இரண்டு முறை படபடப்பு உச்சிக்கு ஏறியது. முன்பு என்றால் ஓடியிருப்பேன். அப்போது ஓடாமல் நின்றேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதுவாகவே இறங்கியது. எவ்வளவு பெரிய படபடப்பும் உச்சியிலேயே நின்றுவிடாது, இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதை என் உடம்பு அங்கேதான் தெரிந்துகொண்டது.

இதே துன்பத்தைத் தானே அனுபவித்த கிளேர் வீக்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பெண் மருத்துவர், 1962இல் இதற்கென்று ஒரு புத்தகம் எழுதினார். பயத்தோடு சண்டை போடாமல் அதன்மேல் மிதந்து போ என்பது அவர் வழி. ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்கு அது உடனே புரிந்தது. இழுப்பில் மாட்டினால் எதிர்த்து அடிக்காதே, தண்ணீரோடு போய்ப் பக்கவாட்டில் கரையேறு என்று அப்பா சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்.

நான் தாமதமாகக் கண்டுகொண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். கைப்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டை, பழைய ஈசிஜி தாள் இருக்கும். இவை இருந்தால்தான் பிழைப்பேன் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையே பயத்துக்குத் தீனி. முதலில் ஈசிஜியை வீட்டில் வைத்தேன், பிறகு மாத்திரை அட்டையை. பாட்டிலை விட மட்டும் நாலு மாதம் ஆயிற்று.

காபியை நாலு டம்ளரிலிருந்து காலை ஒன்றாகக் குறைத்தேன். காலைச் சாப்பாட்டைப் பத்தரை மணிக்குத் தள்ளிப்போடும் பழக்கத்தை விட்டேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறினால் கை நடுங்கத்தான் செய்யும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். இங்கேதான் பெண்களுக்கான ஆலோசனைகள் பல தோற்றுப்போகின்றன. 'தினமும் அரை மணி நேரம் யோகா செய்யுங்கள்' என்றால், நாலரைக்கு எழுபவள் நாலு மணிக்கு எழ வேண்டியிருக்கிறது. தூக்கம் அரை மணி குறைகிறது, செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி வேறு. சிகிச்சையே இன்னொரு வீட்டுவேலை ஆகிவிடுகிறது. எனக்கு நடந்தது அதுதான். மூன்றாவது சந்திப்புக்கு என் கணவரையும் வரச் சொன்னார் ஆலோசகர். அவர் முன்னால் கேட்டார்: "காலையில ஆறு மணியிலிருந்து ஆறரை வரை இவங்க வேலையை யார் பார்ப்பாங்க?" என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் பார்க்கிறேன்" என்றார். அன்றிலிருந்து இட்லி ஊற்றுவதும் பால் காய்ச்சுவதும் அவர் பொறுப்பு. அந்த அரை மணி நேரம் அறைக்கதவு சாத்தியிருக்கும். அத்தை முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒருநாள், "எனக்கும் அந்த மூச்சைச் சொல்லிக் கொடு" என்று வந்து உட்கார்ந்தார்.

ஆண்களைவிடப் பெண்களையே பதற்ற நோய் அதிகம் தாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹார்மோன் மாற்றங்கள் ஒரு காரணம். ஆனால் என் அனுபவத்தில், ஒரு வீட்டின் கவலையெல்லாம் ஒருத்தியின் தலையில் இறங்குவதும் காரணம். பகிர்ந்துகொள்ளாத வேலையை எந்தப் பிராணாயாமமும் சுமக்காது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சில எச்சரிக்கைகள் உண்டு. முதல்முறை நெஞ்சு வலித்தால் பதற்றம்தான் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு மூச்சுத்திணறலாக, தாடை வலியாக, காரணமில்லாத களைப்பாகக்கூட வரும். முதலில் இதயத்தைப் பார்க்கட்டும். மருந்தெல்லாம் விஷம், எங்கள் பொட்டலமோ எங்கள் முகாமோ போதும் என்பவர்களிடம் போகாதீர்கள். நான் பணமும் இழந்தேன், இரண்டு மாதத்தையும் இழந்தேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்; விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படபடப்பு எனக்கு முழுவதும் போய்விடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வரும். வந்தால் தாடையைத் தளர்த்தி, ஆறு எண்ணி மூச்சை விட்டு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்கிறேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்தான் இன்றும் வேலைக்குப் போகிறேன். வண்டி பாலத்தில் நின்றால் ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்க்கிறேன்.

யாரிடம் பேசுவது என்று தெரியாத சகோதரிகளுக்கு: 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 'ஒன்றுமில்லை' என்று யார் சொல்லியிருந்தாலும், நீங்கள் கூப்பிடுங்கள்.