மல்ட்டிகாஸ்ட் தெரிந்தவருக்குப் போட்டி குறைவு

கலசப்பாக்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் நெட்வொர்க்கிங் வேலை தேடிச் சென்னைக்கு வருகிறவர்களின் ரெஸ்யூமேயில் சிசிஎன்ஏ, வீலேன், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி இருக்கும். மதுரைக்காரர், கோயம்புத்தூர்க்காரர் ரெஸ்யூமேயிலும் அதேதான். எல்லாரும் ஒரே பட்டியலை நீட்டினால், இன்டர்வியூ எடுப்பவர் உங்களை மட்டும் எதற்காக நினைவில் வைக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவைக்கும் பாடம் மல்ட்டிகாஸ்ட். அதிலும் டேட்டா சென்டர் ஸ்விட்சில் அது எங்கே முட்டி நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. உங்களுக்கான வாசல் அதுதான்.

இதன் மதிப்பு புரிய, மும்பை தேசியப் பங்குச் சந்தையை (என்எஸ்இ) பாருங்கள். என்எஸ்இ 2010 வாக்கில் கோ-லொகேஷன் வசதியைத் தொடங்கியது. புரோக்கர்கள் தங்கள் சர்வரை எக்ஸ்சேஞ்சின் டேட்டா சென்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆர்டரின் அசைவையும் சொல்லும் டிக்-பை-டிக் ஃபீட், அப்போது டிசிபி வழியாக ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகலாகப் போனது. தனித்தனி நகல் என்றால் வரிசை உண்டு. முதலில் கனெக்ட் ஆனவருக்கு முதலில் டேட்டா. 2014-இல் என்எஸ்இ மல்ட்டிகாஸ்டுக்கு மாறியது: எக்ஸ்சேஞ்ச் ஒரு பாக்கெட்டை ஒரே முறை அனுப்பும், நகலெடுக்கும் வேலை ஸ்விட்சுடையது. பழைய முறை பற்றிய விசாரணையில், 2019 ஏப்ரல் 30 அன்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, என்எஸ்இ-யை 624.89 கோடி ரூபாயும் 12 சதவீத வட்டியும் கட்டச் சொன்னது. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை ரத்துசெய்து, 100 கோடி கட்டச் சொன்னது. ஒரு பாக்கெட்டை எப்படி விநியோகிப்பது என்ற டிசைன் முடிவுக்கு இவ்வளவு எடை இருக்கிறது. அந்த முடிவைப் புரிந்தவருக்கு நல்ல சம்பளம் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இனி, செய்ய வேண்டியவை.

1. ஸ்விட்சின் டேபிளில் இருந்து ஆரம்பியுங்கள்.
யூனிகாஸ்டில் ஆயிரக்கணக்கான முகவரிகளைச் சுருக்கி ஒரே ரூட்டாக எழுதலாம். மல்ட்டிகாஸ்டில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு சோர்ஸ்-குரூப் ஜோடிக்கும் ஹார்டுவேரில் தனி வரி வேண்டும். அது எந்தெந்தப் போர்ட்டுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலும் வேண்டும். ஸ்விட்சின் சிப்பில் இதற்கான இடம் அளவானது. பல மாடல்களில் அதே இடத்தை ஹோஸ்ட் ரூட்டுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. டேபிள் நிறைந்தால் என்ன ஆகும்? பழைய குரூப்கள் சிக்கலில்லாமல் ஓடும். புதிதாகச் சேர்ந்த குரூப்புக்கு மட்டும் டேட்டா வராது, அல்லது சிபியு வழியாகத் தட்டுத்தடுமாறி வரும். லிங்க் பச்சை, பிங் வெற்றி, ஆனால் அப்ளிகேஷன் டீம் கத்துகிறது. அந்த நிமிடத்தில் ஹார்டுவேர் டேபிளைத் திறந்து எண்ணிப் பார்க்கத் தோன்றுகிற ஆள்தான் டீமில் மேலே போவார்.

டேபிளில் எத்தனை வரி கொள்ளும் என்ற எண்களை வெண்டர்களே வெளியிடுகிறார்கள். சிஸ்கோ, நெக்ஸஸ் ஸ்விட்சுகளுக்கு 'வெரிஃபைடு ஸ்கேலபிலிட்டி கைடு' என்று ஒவ்வொரு ரிலீசுக்கும் தனி ஆவணம் தருகிறது. இலவசம். படிப்பவர்கள் குறைவு. நீங்கள் படியுங்கள்.

2. நேரத்தைக் கவனிக்கும் பழக்கம் வேண்டும்.
'நாலு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் நின்னுடுது' என்று ஒருவர் சொன்னால், ஐஜிஎம்பி குவெரியரைத் தேடுங்கள். யார் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேட்க ஓர் ஆள் வேண்டும். கேட்க யாரும் இல்லையென்றால், இயல்பான செட்டிங்கில் 260 விநாடியில் ஸ்விட்ச் அந்த உறுப்பினரை மறந்துவிடும். தொடக்கத்திலிருந்தே வேறு சப்நெட்டுக்குப் போகவில்லையா? அனுப்பும் புரோகிராமின் டிடிஎல் 1 ஆக இருக்கலாம்; அப்படியென்றால் முதல் ரவுட்டரிலேயே பாக்கெட் இறந்துவிடும். இருபது குரூப்புக்கு மேல் சேர முடியவில்லையா? ஸ்விட்சைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸின் டீஃபால்ட் வரம்பே 20.

இந்த மூன்றையும் இன்டர்வியூவில் நிதானமாகச் சொன்னால், அனுபவம் உள்ளவர் என்ற எண்ணம் உடனே விழும்.

3. முகவரித் திட்டத்தைக் கையில் எடுங்கள்.
மல்ட்டிகாஸ்ட் ஐபியில் குரூப்பைக் குறிப்பவை 28 பிட். மேக் அட்ரஸில் அதற்குக் கிடைக்கும் இடம் 23 பிட். ஆகவே 32 ஐபி குரூப்கள் ஒரே மேக் அட்ரஸில் போய் விழும். 239.0.0.1 என்று அழகாக ஒரு குரூப்பைத் தேர்ந்தெடுத்தால், அது 224.0.0.1 உடன் மோதும். ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் கொட்டக்கூடும். டிசைன் மீட்டிங்கில் இதை முதலில் சொல்பவராக நீங்கள் இருங்கள். ஜூனியருக்குப் பெயர் கிடைப்பது இப்படித்தான்.

4. 'சப்போர்ட் இல்லை' பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள்.
மல்ட்டிகாஸ்ட் ரூட்டிங் புரோட்டோகாலான பிம்மின் டென்ஸ் மோட் நெக்ஸஸில் இல்லை. பைடைரக்‌ஷனல் பிம் போட்டால் டேபிள் வரிகள் மிச்சமாகும். ஆனால் விபிசி (விர்ச்சுவல் போர்ட் சேனல்) போட்ட ஸ்விட்ச் ஜோடியில் அது சப்போர்ட் ஆகிறதா என்று உங்கள் ரிலீசுக்கான ஆவணத்தில் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். விஎக்ஸ்லேனில் 24 பிட் ஐடி இருப்பதால் 1.6 கோடிக்கும் மேல் செக்மென்ட் போடலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரூப் கொடுக்க எந்த ஸ்விட்சிலும் இடம் இல்லை. ஒரே குரூப்பைப் பல செக்மென்ட்டுக்குப் பகிர வேண்டும், அல்லது நுழைவாயிலிலேயே நகலெடுக்கும் முறைக்குப் போக வேண்டும். கிளவுடில் அமேசான் 2019 இறுதியில்தான் டிரான்சிட் கேட்வே வழியாக மல்ட்டிகாஸ்ட் தந்தது. அஷூரின் விர்ச்சுவல் நெட்வொர்க்கில் இல்லை.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது: ஐஜிஎம்பியும் பிம்மும் பேண்ட்விட்த் பார்ப்பதில்லை. டிவி ஸ்டூடியோக்கள் இப்போது ஐபிக்கு மாறுகின்றன. கம்ப்ரஸ் செய்யாத ஒரு எச்டி வீடியோ சுமார் 1.5 ஜிபிபிஎஸ். 10 ஜி போர்ட்டில் ஆறு ஓடும். ஏழாவதையும் கேட்டால் ஸ்விட்ச் தடுக்காது, ஏழும் சேர்ந்து கெடும்.

5. லேபை வீட்டிலேயே போடுங்கள்.
கலசப்பாக்கத்தில் உட்கார்ந்தே செய்யலாம், சென்னையில் கோர்ஸ் கட்டணம் கட்டத் தேவையில்லை. லேப்டாப்பில் ஜிஎன்எஸ்3 அல்லது கன்டெய்னர்லேப், ரவுட்டராக எஃப்ஆர்ஆர். டிராஃபிக் அனுப்ப ஐபெர்ஃப் 2 எடுங்கள். ஐபெர்ஃப் 3-இல் மல்ட்டிகாஸ்ட் கிடையாது. குவெரியரை நிறுத்துங்கள், டிடிஎல் குறையுங்கள், ஆர்பிஎஃப் (சோர்ஸ் இருக்கும் வழியில்தான் பாக்கெட் வந்ததா என்ற சோதனை) தோற்கும்படி ரூட்டை மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் வயர்ஷார்க் கேப்சரை எடுத்து, அரைப் பக்கக் குறிப்புடன் கிட்ஹப்பில் போடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சாஃப்ட்வேர் லேபில் உண்மையான சிப் இல்லை. டேபிள் நிறைவதை அங்கே பார்க்க முடியாது. கேட்டால் அதை நேராகச் சொல்லுங்கள். எது லேபில் தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்பவரை நம்புவார்கள்.

6. எங்கே விண்ணப்பிப்பது?
அம்பத்தூர், சிறுசேரி டேட்டா சென்டர்களின் ஆபரேஷன்ஸ் வேலை முதல் படி. ஷிஃப்ட் கடினம், ஆனால் நிஜ ஸ்விட்ச் கைக்கு வரும். அடுத்து, மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸிலும் காந்திநகர் கிஃப்ட் சிட்டியிலும் உள்ள டிரேடிங் நிறுவனங்களின் நெட்வொர்க் டீம்கள், ஐபிடிவி, ஸ்டூடியோ பிராட்காஸ்ட். ரெஸ்யூமேயில் 'மல்ட்டிகாஸ்ட் தெரியும்' என்று எழுதாதீர்கள். 'குவெரியர் இல்லாமல் 260 விநாடியில் ஸ்ட்ரீம் நிற்பதை லேபில் உருவாக்கிச் சரிசெய்தேன்' என்று எழுதி, பக்கத்தில் கிட்ஹப் லிங்க்கைக் கொடுங்கள். இன்டர்வியூ முடிவில் 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா' என்பார்கள். 'உங்கள் லீஃப் ஸ்விட்சில் மல்ட்டிகாஸ்ட் டேபிள் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது, அதை யார் மானிட்டர் செய்கிறார்கள்?' என்று கேளுங்கள்.