இணையப் படத்தைச் சேமித்தல்

தன் சொந்த ஊராகிய தஞ்சாவூரைப் பற்றி ஒரு மாணவி முதன்முதலாக வலைப்பக்கம் அமைக்கிறாள். பெரிய கோயிலின் படம் அவளுக்குத் தேவைப்படுகிறது. அக்கோயில் 1010ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கோயில் பழமையானதாயினும், அதன் ஒளிப்படம் எடுத்தவருக்கே உரியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வுரிமையை அவர்தம் வாழ்நாளிலும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் காக்கிறது.

ஆகவே அவள் விக்கிமீடியா காமன்சில் தேடுகிறாள். அங்குள்ள படங்களை உரிம விதிகளின்படி எவரும் பயன்படுத்தலாம். படத்தின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்திச் சேமிக்கிறாள். வலைப்பக்கக் கோப்பு உள்ள கோப்புறையிலேயே படத்தை வைத்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் இடைவெளியின்றிப் பெயரிடுகிறாள். பக்கத்தில் அப்பெயரை ஓர் எழுத்தும் பிறழாமல் எழுதினால்தான் படம் தோன்றும்.

பெரிய கோயிலின் கல்வெட்டுகள் கொடையளித்தோர் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. அவ்வாறே அவளும் படத்தின் அடியில் எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் பொறிக்கிறாள்.

அருஞ்சொற்பொருள்
உரிமம் – பயன்படுத்தத் தரும் இசைவு
பிறழாமல் – மாறாமல்
கொடை – ஈகை

வினாக்கள்
1. கோயில் பழமையானதாயினும் ஒளிப்படம் யாருக்கு உரியது?
2. சேமித்த படத்தை எங்கு வைத்தல் வேண்டும்?
3. படத்தின் அடியில் எவற்றைக் குறித்தல் வேண்டும்? ஏன்?