ஆறு போகும் வழியே சைக்கிளில்

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு சைக்கிள்தான் இருந்தது. தபால்காரருடையது. அதையும் அவர் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வருவார். கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் கால் வைத்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. லயத்து வாசலில் தொடங்கும் இறக்கம் ஓடைக்கரையில் முடியும். அங்கிருந்து அடுத்த ஏற்றம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சைக்கிள் மிதிக்கிறார்கள். நான் கோப்பாய் ஆசிரிய கலாசாலைக்குப் படிக்கப் போன பிறகுதான் பழகினேன். அந்த இரண்டு வருடமும் மேடு என்பதையே மறந்து ஓட்டினேன். ஊருக்குத் திரும்பியதும் சைக்கிளையும் மறந்துவிட்டேன்.

2022இல் பெட்ரோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது மறுபடியும் ஒரு சைக்கிள் வாங்கினேன். பள்ளிக்குப் போய்வரத்தான். ஆனால் கால் பழகியதும் தூர ஆசை வந்தது. நாலைந்து நாள், அவசரமில்லாமல், ஊர் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்ற ஆசை.

முதல் பயணத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்குப் போய், களனி கங்கையைப் பிடித்து, யட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று போவது திட்டம். கரவனெல்லை வரை நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. நாற்பதுதானே, மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். சாலை ஒரு ஓடையைக் கடந்து மேட்டில் ஏறும், அடுத்த ஓடைக்கு இறங்கும், திரும்ப ஏறும். ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்துக் கை வலித்தது. பகல் ஒரு மணிக்குப் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தேநீர்க்கடை வாங்கில் உட்கார்ந்த நான், அங்கிருந்து பஸ்ஸில்தான் வீடு திரும்பினேன்.

அன்று இரவு வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. நான் போன சாலை ஓடைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. தண்ணீரைக் குறுக்கே கடக்கும் சாலை ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். தண்ணீரோடு சேர்ந்து போகும் சாலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அன்றிலிருந்து நான் பாதை தேடுவதற்கு முன்னால் ஆறு தேடுகிறேன்.

கேகாலைக்காரருக்கு இரண்டு ஆறுகள் உண்டு. தெற்கே களனி, வடக்கே மஹஓயா. களனிக் கரையும் மோசமில்லை. யட்டியாந்தோட்டையிலிருந்து கீழே அவிசாவளை வரை பள்ளத்தாக்கு அகலமானது. இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சின்ன ரயில் ஒருகாலத்தில் யட்டியாந்தோட்டை வரை வந்தது. ரப்பரும் தேயிலையும் அதில்தான் கொழும்புக்குப் போயின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே ரயில் ஓடிய, ஓடுகிற பள்ளத்தாக்கு எதுவானாலும் நமக்கு நல்ல அடையாளம். ஆனால் அவிசாவளையைத் தாண்டினால் கொழும்பு நெரிசல் தொடங்கிவிடும். அதனால் நான் மஹஓயாவைத் தேர்ந்தெடுத்தேன். மாவனல்லைப் பக்கம் வந்து, ரம்புக்கனையையும் அலவ்வவையும் தொட்டு, கொச்சிக்கடையில் கடலில் கலக்கிற ஆறு அது. கடலோரம் போனதும் ஆற்றுக்குப் பதிலாக ஒல்லாந்தர் கால்வாய் வந்து சேர்ந்துகொள்ளும். அது வடக்கே சிலாபம் தாண்டிப் புத்தளம் வரை போகிறது. ஆறும் கால்வாயுமாக ஐந்து நாளுக்குப் போதுமான சமநிலம்.

போன வருடம் ஜனவரிக் கடைசியில் மூன்று பேராகக் கிளம்பினோம். நான், என் மச்சான், பத்தாம் தரம் படிக்கும் அவர் மகள். ஜனவரி என்பது யோசித்து வைத்த மாதம். ரப்பர் இலை சிவந்து உதிர்கிற காலம் அது. மலையெல்லாம் செம்பு நிறமாக இருக்கும். மழையும் குறைவு. மே மாதத்தில் எங்கள் மாவட்டத்தில் யாரையும் சைக்கிளில் சுற்றச் சொல்லமாட்டேன். 2016 மே மாதத்தில்தான் அரநாயக்கவில் மலை சரிந்து ஊரையே மூடியது. ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலைப் பார்த்து ஏமாறக்கூடாது. பின்னேரம் இடியோடு கொட்டும்.

முதல் நாள் கேகாலையிலிருந்து பின்னவல வழியாக ரம்புக்கனைக்கு. கூடுமானவரை இறக்கம்தான். 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தின் யானைகள் மஹஓயாவில் குளிக்கும் இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். சுற்றுலா பஸ்கள் வந்து சேர்வதற்கு முன்னால், ஏழு மணிக்கே கடந்துவிடுங்கள். பிறகு அந்த ஒடுங்கிய சாலையில் சைக்கிளுக்கு இடமிருக்காது. ரம்புக்கனை ரயில் கடவையில் இறங்கி, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். 2022 ஏப்ரல் 19இல் எரிபொருள் கேட்டுத் தண்டவாளத்தை மறித்த மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தது இங்கேதான். நான் சைக்கிள் வாங்கிய வருடம் அது.

ரம்புக்கனை இன்னொரு விதத்திலும் முக்கியமான இடம். கண்டிக்குப் போகும் ரயிலுக்கு மலை தொடங்குவது இங்கேதான். நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடுகண்ணாவை போய்ச் சேர்வதற்குள், இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், ரயில் 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. 44 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். மலைநாட்டுப் பாதையில் பல நிலையங்களின் பெயர்ப்பலகையில் உயரம் எழுதியிருக்கும். இரண்டு நிலையங்களின் உயரத்தைக் கழித்து, இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டருக்குள் என்றால் பிள்ளைகளோடும் போகலாம். இருபதைத் தாண்டினால் அது உல்லாசப் பயணம் இல்லை, பயிற்சி. ரம்புக்கனையிலிருந்து மேற்கே திரும்பினால் கடல் வரை இந்தக் கணக்கே தேவைப்படாது.

பொல்கஹவெல தாண்டி அலவ்வவில் முதல் இரவு. ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். இன்னும் போகலாம் என்றார் மச்சான். நான் விடவில்லை. முதல் நாள் மிச்சம் வைத்த பலம் மூன்றாம் நாள் கைகொடுக்கும். ஒரு நாளைக்கு நாற்பது, மிஞ்சினால் ஐம்பது; அதற்கு மேல் போனால் சாலை தெரியுமே தவிர ஊர் தெரியாது.

இரண்டாம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். ரப்பர் காடு எங்கேயோ நின்றுவிட, தென்னை தொடங்கியது. கிரியுல்ல, தங்கொட்டுவ என்று போகும் வழியில் பெரிய சாலையை விட்டு ஆற்றோரக் கிராமச் சாலைகளில் புகுந்தோம். கொப்பரா காயப்போட்ட முற்றங்கள், ஓட்டுச் சூளைகள், களிமண் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் கொக்குகள். மலையில் பிறந்த பிள்ளைக்கு வானம் இவ்வளவு பெரியதாகத் தெரிந்தது அன்றுதான். "மாமா, இங்க எங்க பாத்தாலும் மலையே இல்ல" என்றாள். அதை அவள் சந்தோஷமாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றின் நிலையைப் பார்த்து மனம் நொந்ததையும் சொல்லவேண்டும். மணல் அள்ளி அள்ளி மஹஓயாவின் படுகை பல இடங்களில் தாழ்ந்து கிடக்கிறது; கரை இடிந்து, தென்னைகள் வேரோடு சாய்ந்து நிற்கின்றன. வாகனத்தில் போகிறவர்கள் பாலத்தின் மேல் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போவதை நாங்கள் ஒரு பகல் முழுக்கப் பார்த்தோம்.

மூன்றாம் நாள். கொச்சிக்கடையிலிருந்து சிலாபத்துக்குப் புத்தளம் வீதி நேராகப் போகிறது. தட்டையான சாலைதான். ஆனால் அதில் போகாதீர்கள். பஸ்களின் வேகத்தில் சைக்கிள் ஒரு பக்கமாகத் தள்ளாடும். பிள்ளையை முன்னால் விட்டு நான் பின்னால் வந்த அந்த அரை மணி நேரத்தில் ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சமநிலம் மட்டும் போதாது, வாகனம் குறைந்த சமநிலம் வேண்டும். முதல் சந்தியிலேயே கடல் பக்கம் திரும்பிவிட்டோம். வைக்கால் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் நம் வாய்க்கால் நினைவுக்கு வரும். ஊரும் அப்படியே, கால்வாயை ஒட்டித்தான். கால்வாயில் படகுகள், கரையில் வலை உலர்த்துகிறவர்கள், பழைய கத்தோலிக்கத் தேவாலயங்கள். ஐரோப்பாவில் தன்யூப் நதிக்கரைச் சைக்கிள் பாதை உலகப் புகழ் பெற்றது. பாசாவிலிருந்து வியன்னா வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆற்றோடு இறங்குகிறது. படகுகளைக் குதிரை கட்டி இழுத்த பழைய கரைப்பாதைதான் அங்கே பல இடங்களில் சைக்கிள் பாதையாக மாறியிருக்கிறது. நம் ஒல்லாந்தர் கால்வாய்க்கும் கரை இருக்கிறது. இடையிடையே அறுந்துபோன அந்தக் கரையை இணைத்துவிட்டால் இலங்கையின் மிகச் சிறந்த சைக்கிள் பாதை அதுவாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான்காம் நாள் சிலாபத்திலிருந்து முன்னேஸ்வரத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, வடக்கே உடப்புக்கு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும், கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும் பெயர்போன தமிழ் மீனவர் ஊர். இந்த நாளில்தான் சமநிலத்தின் கஷ்டத்தையும் படித்தேன். முன்னேஸ்வரத்தில் தாமதித்துப் பத்தரை மணிக்குக் கிளம்பினோம். நேர் எதிரே வடகிழக்குக் காற்று. மேட்டுக்கு ஓர் உச்சி உண்டு, அதன் பிறகு இறங்கலாம். எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. கடலோரப் பயணத்தில் விடியற்காலை ஐந்தரைக்குச் சைக்கிள் மேல் இருக்கவேண்டும், பத்து மணிக்கு நிழலில் இருக்கவேண்டும். வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு ஜனவரியில் காற்று எதிரே வரும் என்பதையும் கணக்கில் வைத்து அந்த நாளின் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். பிள்ளை அழாத குறையாகத்தான் உடப்புக்கு வந்து சேர்ந்தாள். ஒரு வீட்டு அக்கா செவ்விளநீர் வெட்டிக் கொடுத்து, "இவ்வளவு தூரம் மிதிச்சா வந்தீங்க?" என்று அவள் காலைத் தடவிப் பார்த்தார். மறுநாள் காலை அவர் வீட்டார் இழுத்த கரைவலையில் எங்கள் பிள்ளையும் கை வைத்தாள்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் மூன்று சைக்கிளும் சாதாரண வண்டிகள்தான். கேகாலையிலிருந்து இறங்குவதற்கு நல்ல பிரேக் கட்டை, ஆளுக்கொரு டியூப், ஒரு பம்ப், கேரியரில் ஒரு பை. சைக்கிள் கடை வழியெல்லாம் இருக்கிறது. சமநிலத்து மக்கள் இன்னும் சைக்கிளில்தான் போகிறார்கள். தங்கும் இடத்தில் சைக்கிளை உள்ளே ஏற்ற விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆற்றோடு இறங்குகிறவர் அதே வழியில் மிதித்து ஏறி வரவேண்டியதில்லை. எங்கள் சைக்கிள்கள் சிலாபத்திலிருந்து கேகாலைக்கு மீன் ஏற்றி வரும் லொறியில் வந்தன. நாங்கள் புத்தளம் பாதை ரயிலில் ராகமைக்கு வந்து, அங்கே மாறி ரம்புக்கனையில் இறங்கினோம். ரயிலிலேயே சைக்கிளை ஏற்ற விரும்புகிறவர்கள் முதல் நாளே நிலையத்துப் பொதிப் பகுதியில் கேட்டுவிடுங்கள். எல்லா ரயிலிலும் இடம் இருக்காது.

தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குச் சைக்கிள் பழக்க நமக்கு இடமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பள்ளி மைதானம் போதும். என் மச்சான் மகள் அங்கேதான் பழகினாள். வரும் ஜனவரியில், ரப்பர் இலை சிவக்கும்போது, பிள்ளைகளை ரம்புக்கனை வரை கூட்டிப்போய் மேற்கே திரும்புங்கள். அன்று அலவ்வ வரை போனாலே போதும்.