விருந்தினர் காத்த வீடு

நந்தனம் என்னும் சொல்லுக்குப் பூஞ்சோலை என்பது பொருள். சென்னை மாநகரின் தென்பகுதியில் அப்பெயர் தாங்கிய இடத்தில், ஓய்வு பெற்ற தமிழாசிரியனாகிய நான் குடியிருக்கிறேன். மாலைப்பொழுதில் என் இல்லத்திலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் அடையாற்றங்கரையை அடையலாம். இன்று அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் அக்கரையோரத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தோப்புகளும் வயல்களும் பரந்து கிடந்தன. அவற்றின் இடையிடையே வெண்ணிற மாளிகைகள் சில விளங்கின. அவற்றைத் தோட்ட வீடுகள் என்று வழங்கினர்.

அவற்றைக் கட்டுவித்தோர் ஆங்கிலேயர். பதினேழாம் நூற்றாண்டு முதல் அவர்கள் புனித ஜார்ஜ் கோட்டையிலும் அதன் அருகிலுமே பெரும்பாலும் வாழ்ந்து வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர் அச்சம் குறைந்ததும், செல்வம் படைத்த வணிகரும் அதிகாரிகளும் கோட்டையை விட்டு வெளியே வந்தனர். தம் தாய்நாட்டுப் பெருமக்கள் நாட்டுப்புறத்தில் பரந்த சோலை நடுவே மாளிகை அமைத்து வாழ்ந்தது போலவே இங்கும் வாழ விழைந்தனர்.

ஆயினும், குளிர்நாட்டு மாளிகை நம் வெயிலுக்குப் பொருந்துமோ? அதனைப் பொருந்தச் செய்தவர் நம் நாட்டுக் கொத்தரும் தச்சருமே ஆவர். அவர்கள் தூண்கள் நிரைத்த அகன்ற தாழ்வாரங்களை அமைத்தனர். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களை நெருங்க அடுக்கிச் சுண்ணச் சாந்திட்டு மேல்தளம் கட்டினர். கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை மைபோல் அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துச் சுவரைச் சலவைக்கல்போல் மின்னச் செய்தனர். கோடையில் வாயில்தோறும் வெட்டிவேர்த் தட்டிகள் தொங்கின. அவற்றின்மேல் நீர் தெளிக்க, வெப்பக்காற்று குளிர்ந்து மணத்துடன் உள்ளே புகுந்தது. மாளிகையின் உரிமையாளர் பெயரை ஏடுகள் காத்து வைத்துள்ளன. சுவரை மின்னச் செய்த கைகளுக்கு உரியவர் யாவர் என்பதை அவை கூறவில்லை.

உரிமையாளரும் நெடுங்காலம் நிலைத்தாரல்லர். ஜேம்ஸ் பிராடி என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடையாற்றங்கரையில் கோட்டை போன்றதொரு மாளிகை கட்டினார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர் அவ்வாற்றில் மூழ்கி உயிர் நீத்தார். ஆனால் அவர் கட்டிய மாளிகை வாழ்கிறது. 1949-ஆம் ஆண்டில் தோன்றிய இசைக் கல்லூரி பின்னர் அங்கே குடிபுகுந்தது. அம்மாளிகையின் இன்றைய பெயர் 'தென்றல்'. தம்புராவின் நாதமும் மாணவர் குரலும் அங்கே ஒலிக்கின்றன.

ஜார்ஜ் மௌபரே என்பவர் கும்மட்டம் வைத்துக் கட்டிய மாளிகையும் அவ்வாற்றங்கரையதே. அவர் பெயரால் வழங்கிய சாலை இன்று டி.டி.கே. சாலை எனப்படுகிறது. அம்மாளிகையில் பின்னர் அடையாறு கிளப் அமைந்தது. 1963-ஆம் ஆண்டில் அது சென்னை கிளப்போடு இணைந்தது. இன்றும் அவ்வீடு அச்சங்கத்தாரின் இல்லமாக விளங்குகிறது.

கடற்கரைச் சாலையில் இருந்த கேப்பர் மாளிகையின் வரலாறு வேறு. ஒருவர் வாழ்ந்த வீடாயிருந்த அது பயணியர் தங்கும் விடுதியாயிற்று. 1914-ஆம் ஆண்டில் அங்கே பெண்களுக்கான கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. எத்தனையோ பெண்களுக்குக் கல்வி வாயிலாய் நின்ற அம்மாளிகை, காலப்போக்கில் நலிந்து, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மறைந்தது. கல்லூரி சிறப்புற நடைபெறுகிறது; அது பிறந்த வீடு இல்லை.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் வரிச்சுமை மிகுந்தமையாலும், பணியாளர் குறைந்தமையாலும் இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. தப்பியவற்றுள் சில, விருந்தினரை ஏற்றுப் பிழைத்தன. தேம்ஸ் ஆற்றின் மேட்டில் நிற்கும் கிளிவ்டன் மாளிகை அத்தகையது. 1795, 1849 ஆகிய ஆண்டுகளில் இருமுறை தீக்கிரையாகி இருமுறையும் மீண்டும் எழுந்தது. 1942-ஆம் ஆண்டில் அதன் உரிமையாளர் அதனைத் தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். சிலகாலம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் அங்கே பயின்றனர். 1980-களில் அது தங்கும் விடுதியாயிற்று. பிரபுக்கள் மட்டும் துயின்ற அறைகளில் இன்று வாடகை கொடுக்கும் எவரும் துயிலலாம்.

அத்தகையதொரு வீட்டில் ஓர் இரவு தங்கும் வாய்ப்பு எனக்கும் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னை உதகமண்டலத்திற்கு அழைத்துச் சென்றார். ஆங்கிலேயர் காலத்து வீடொன்று அங்கே விடுதியாய் இருந்தது. சுவர்கள் முழங்கை அளவு தடித்திருந்தன. மரத்தளம் அடி வைக்குந்தோறும் முனகியது. முதிய பணியாளர் ஒருவர் கணப்பு மூட்ட வந்தார். சன்னலோரச் சுவரில் யாரோ ஆணியால் தம் பெயரை ஆழக் கீறியிருந்ததை அவ்வொளியில் கண்டேன்.

"இதனைத் தேய்த்து நீக்கலாகாதோ?" என்று வினவினேன்.

"நீக்கலாம் ஐயா. ஆனால் தேய்த்தால் பழைய பூச்சு பெயர்ந்துவிடும். புண் இன்னும் பெரிதாகும். இந்தப் பூச்சு பூசத் தெரிந்தவர்கள் இப்போது அரியர்" என்றார் அவர். பிறகு, தம் தந்தையாரும் அவ்வீட்டிலேயே பணி செய்தவர் என்று கூறிக் கதவை மெல்லச் சாத்திச் சென்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிறுவனாய் இருந்தபோது நான் பயின்ற பள்ளியும் ஒரு பழைய மாளிகையிலேதான் நடைபெற்றது. அதன் தூணில் கவராயத்தின் முனையால் என் பெயரை நானும் கீறியிருக்கிறேன். தோழர் பலரும் கீறினர். யாரும் எங்களைப் பிடிக்கவில்லை. அந்தப் பூச்சு வெடித்து, மழைநீர் புகுந்து, தூண்கள் ஒவ்வொன்றாய் நலிந்தன. இன்று அம்மாளிகை இல்லை. அதனை அழித்தது என் ஒருவனுடைய கவராயம் அன்று என்பதை அறிவேன். ஆயினும் அதில் என் பங்கு இல்லை என்று சொல்ல என் நா எழவில்லை.

மாணவர்களே, 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். புதியராய் வருவோரையும் அது ஆகுபெயராய்க் குறித்தது. பழைய வீட்டுக்கு இப்புதுமையே உயிர். பூட்டிய வீட்டைக் கரையானும் ஆலங்கன்றும் உரிமை கொள்கின்றன. புதியவர் வந்து தங்கும் வீட்டில் விளக்கு எரிகிறது, ஒழுக்கு அடைக்கப்படுகிறது. ஆனால் வருவோர் விருந்தினராய் நடத்தல் வேண்டும். உணவிட்ட இலையைக் கிழிப்பவனை நாம் விருந்தினன் என்போமா?

உங்கள் வகுப்பறையும் உங்களுக்கு முன் பலர் இருந்து சென்ற வீடே. உங்களுக்குப் பின்னும் பலர் வருவர். பெயர் அறியாத கொத்தன் ஒருவன் அச்சுவரைப் பூசினான். அவன் தன் பெயரை அதில் எழுதவில்லை. நாமும் எழுதாதிருப்போமாக.