பாய்மரத்தின் அடியில் ஒரு தொழில்

மயிலாப்பூரிலும் அடையாறிலும் வளரும் பிள்ளைகளுக்குக் கடல் நடந்துபோகிற தூரம்தான். இருந்தும் 'கடலில் வேலை' என்றால் நம் வீடுகளில் கப்பல் வேலையும் மீன்பிடித் தொழிலும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இன்னொரு வேலையும் உண்டு: நீர் விளையாட்டுக் கருவிகளைப் பூட்டிக் கொடுப்பது, பழுது பார்ப்பது, பாதுகாப்பாக வைத்திருப்பது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஈபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். நம் சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டினார். இப்படி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் கரையில் கருவியைக் கவனிக்க ஒரு கை வேண்டும்.

அந்த வேலைக்குள் நுழைய ஒரு சிறிய பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விண்ட்சர்ஃபிங் பாய்மரமும் பலகையும் சேரும் இடம், மாஸ்ட் பேஸ். இதை முழுதாகப் புரிந்துகொண்டவருக்கு மற்ற பாகங்கள் எளிது.

அடி எந்த வழியே போகிறது?

சாதாரணப் பாய்ப்படகில் மரம் அசையாமல் நிற்கும். விண்ட்சர்ஃபிங்கில் அது எந்தப் பக்கமும் சாயும். 1960-களில் அமெரிக்காவில் நியூமன் டார்பியும், அவருக்குப் பின் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக், ஹாயல் ஷ்வைட்சர் இருவரும் செய்து காட்டியது இதைத்தான். இந்தப் பலகைக்குச் சுக்கான் கிடையாது. மரத்தை முன்னும் பின்னும் சாய்த்தே திசை திருப்ப வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது அடியில் உள்ள வளையும் மூட்டு.

ஓட்டுபவர் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் கொக்கியில் தொங்கும்போது அவர் எடையில் ஒரு பங்கு, கையில் பிடிக்கும் பூம் வழியாக மரத்துக்கும், மரத்தின் அடி வழியாகப் பலகைக்கும் இறங்குகிறது. பலகை சிற்றலைகள் மேல் தடதடவென்று ஓடும்போது ஒவ்வொரு அடியும் அதே வழியில் மேலே ஏறுகிறது. நாளடைவில் பேஸைச் சுற்றிப் பலகையின் மேல்தோல் விரிசல் விடும். ஓட்டுபவரும் சோர்ந்துபோவார்.

அதிர்வு தாங்கும் மாஸ்ட் பேஸில், மரத்துக்கும் பலகைக்கும் நடுவே அமுங்கி எழும் ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கும். கணக்கு பள்ளிப் பாடம்தான்: 0.01 விநாடியில் விழ வேண்டிய அடி 0.05 விநாடிக்கு நீண்டால், சராசரி விசை ஐந்தில் ஒன்றாகக் குறையும். இதற்கு ஒரு விலையும் உண்டு. மிக மென்மையாக இருந்தால் பாயின் இழுப்பு பலகைக்கு உடனே போய்ச் சேராது. எடையும் கூடும், தேய்கிற பாகமும் ஒன்று கூடும். ஆகவே ஓட்டுபவரின் எடை, கடலின் கொந்தளிப்பு இரண்டையும் கேட்ட பிறகே எதைப் பொருத்தலாம் என்று சொல்லுங்கள்.

அதிர்வை நெளிந்து தாங்கும் இந்த அறிவு நம் கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் அமைவதற்கு முன், மெட்ராஸில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தவை. மணலில் மோதினால் உடல் நெளிந்து கொடுக்கும், உடையாது. கயிற்றால் கட்டிய கட்டுமரமும் அதே வகைதான்.

மேசை மேல் ஐந்து சோதனைகள்

1. வளையும் மூட்டான ரப்பர் டெண்டனை நாலாப் பக்கமும் வளைத்து, உலோகத்தைத் தொடும் விளிம்புகளைப் பாருங்கள். விரிசல் முதலில் தெரிவது அங்கேதான். மயிரிழை விரிசலா? மாற்றுங்கள்.

2. டெண்டன் அறுந்தாலும் பாயும் பலகையும் பிரியாமல் காப்பது பாதுகாப்புக் கயிறு. அதில் பிசிறு இருந்தால் உடனே மாற்றுங்கள்.

3. 'பின்' ஊசியையும் பூட்டையும் அழுத்திப் பாருங்கள். மணல் புகுந்தால் பூட்டியதுபோல் தெரியும், பூட்டியிருக்காது. 'டிக்' என்று விழுகிற சத்தத்தைக் காதால் கேளுங்கள், பிறகு இழுத்தும் பாருங்கள்.

4. பேஸ் பிளேட் திருகை ஆடாத அளவுக்கு முறுக்குங்கள். பலத்தையெல்லாம் காட்டினால் பலகையின் தோல் நசுங்கும்.

5. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். உப்பு உலோகத்தைத் தின்னும், வெயில் ரப்பரைக் கெடுக்கும்.

எங்கே கற்பது?

முதல் பாடம் நீச்சல். மெரினாவும் பெசன்ட் நகரும் அதற்கான இடமல்ல. அங்கே நீரின் இழுப்பு பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. நீச்சல் குளத்தில், பயிற்சியாளர் முன்னால் கற்றுக்கொள்ளுங்கள்.

பாய் விரிக்கக் கற்க, சென்னைத் துறைமுகத்தை ஒட்டி இயங்கும் தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கத்திலும், 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பிலும் விசாரியுங்கள். உயிர்காப்பு, படகோட்டல் சான்றிதழ்ப் பயிற்சிகளுக்குக் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது.

பொருளறிவுக்கு ஊரைத் தாண்ட வேண்டாம். 1968-இல் தொடங்கிய சிப்பெட், கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித் தருகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பே உண்டு. வடிவமைப்பில் ஆர்வமிருந்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையை இலக்காக வையுங்கள். ஃபைபர் ஒட்டுவேலையை நேரில் பார்க்க, ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் மீனவர் குப்பத்துக்குப் போங்கள். அண்ணனிடமோ ஐயாவிடமோ மரியாதையாகக் கேட்டு, உட்கார்ந்து பாருங்கள். எந்த மாதம் எந்தக் காற்று வரும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில் நிலைக்க

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த டெண்டனை எந்தத் தேதியில் போட்டோம், எத்தனை மணி நேரம் கடலில் இருந்தது, எப்போது மாற்றினோம் என்று எழுதுங்கள். ஆறு மாதக் குறிப்பேடு ஒன்றை நேர்காணலில் மேசை மேல் வைத்தால், அது உங்களுக்காகப் பேசும்.

சந்தேகமான கருவியைக் கொடுக்க மறுக்கப் பழகுங்கள். வரிசையில் ஆள் நிற்கும், முதலாளி அவசரப்படுத்துவார். "சார், டெண்டன் விரிஞ்சிருக்கு. பத்து நிமிஷத்துல மாத்திடறேன்" என்று சொல்லுங்கள். காரணமும் நேரமும் சேர்ந்து வந்தால் கோபம் தணியும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது நடுக்கடலில் பேஸ் உடைந்தால், ஓட்டியவர் கரைக்குத் திரும்ப முடியாது. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கிளம்புமுன் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: எது உடைந்தாலும் பலகையை விட்டு விலகாதீர்கள்.

வருமானம் பருவத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் வேலை மந்தமாகும். விண்ட்சர்ஃபிங்கை மட்டும் நம்பாமல் பாய்ப்படகு, துடுப்புப் பலகை, ஃபைபர் ஒட்டுவேலை எல்லாவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ரப்பர் அறிவு எங்கும் கைகொடுக்கும். ஆட்டோவின் சைலன்ட் புஷ்ஷும் காரின் இன்ஜின் மவுன்டிங்கும் செய்வது இதே வேலைதான்.

இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம். தி. நகரிலோ மயிலாப்பூரிலோ உங்கள் தெரு மெக்கானிக்கிடம் கழற்றிப் போட்ட பழைய புஷ் ஒன்று கேட்டு வாங்குங்கள். வளைத்துப் பாருங்கள், குறுக்கே அறுத்துப் பாருங்கள். விரிசல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று படம் வரைந்து தேதி போடுங்கள். அதுவே உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கம்.