சயனைடு மேட்டின் மஞ்சள்

மாரிக்குப்பம்,
கோலார் தங்கவயல்.

அன்பு பாப்பாவுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டி ஏறி, இருட்டிய பிறகு வந்து இறங்குகிற பிள்ளையிடம் நிதானமாகப் பேச நேரம் ஏது? பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் படித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

பொங்கலன்று நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. வீடு நிறைய ஆட்கள், உன் நைனாவும் பக்கத்திலேயே இருந்தான். "இந்த ஒரு வருஷமா நீங்க வேற ஆளா இருக்கீங்களே, எப்படி பெரியப்பா?" என்றாய். பிறகு சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பென்சிலைத் தொட்டாலே வெறுப்பா இருக்கு, வேலையை விட்டுடட்டுமா?" என்றாய். இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஆனால் அதை ஒரே வரியில் சொன்னால் உனக்குப் பிடிபடாது.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன் என்பது உனக்குத் தெரியும். கடைப் பெயர், லாரி நம்பர், யூனியன் மாநாட்டுத் தட்டி, அம்பேத்கர், புத்தர், மாதா, மாரியம்மன் எல்லாம் இந்தக் கையால் எழுதியவை, வரைந்தவை. சுரங்கம் ஓடியவரை சம்பள நாளன்று ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் காசு புரளும். காசு புரண்டால் கடைக்காரருக்குப் புது போர்டு வேண்டும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. நூற்றிருபது வருஷம் இயங்கிய சுரங்கம் நின்றுபோனது. அடுத்த சில வருஷங்களில் ஃபிளெக்ஸ் வந்து எங்கள் தொழிலையும் முடித்து வைத்தது.

எனக்கு மிஞ்சியது இறந்தவர்களின் போட்டோவைப் பெரிதாக்கி வரைகிற வேலை. போட்டோ மேல் கட்டம், தாள் மேல் பெரிய கட்டம், கட்டத்துக்குக் கட்டம் கோட்டை எடுத்து வைக்க வேண்டும். அப்படி வரைகிறவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கட்டத்துக்குள் எது எங்கே வளைகிறது என்பதை மட்டும் பார்க்கிறான். கூலி சரியாக வந்தது, வாங்கிப் போகிறவர்கள் கண் கலங்கி நன்றி சொன்னார்கள். எனக்கோ உள்ளே ஒன்றும் அசையாது. பல வருஷம் அப்படி ஓடிற்று. கொஞ்ச காலத்தில் அதற்காக வருத்தப்படுவதும் நின்றுவிட்டது, அதுதான் மோசம். நீ வெறுப்பு என்று சொன்னதைக் கேட்டு நான் பயப்படாதது அதனால்தான். வெறுப்பு வருகிறவரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனவன், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைக் கிராமத்துக்கும் போனேன். அங்கே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படங்களின் முன்னால் நின்றேன். கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். அவருடைய 'தோட்டம்' வரிசை ஓவியங்களுக்கு நல்ல பெயர் இருந்தது. அதையே வரைந்துகொண்டு காலம் தள்ளியிருக்கலாம். 1963-இல், ஐம்பத்திரண்டு வயதில், அதை விட்டுவிட்டு 'சொற்களும் குறியீடுகளும்' என்று முற்றிலும் வேறொரு வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள், பொடிப்பொடியான எழுத்துகள் படம் முழுக்க ஓடுகின்றன. எழுத்துபோலவே இருக்கும், வாசிக்க முடியாது. யாரும் வாசிக்க வேண்டும் என்று அவர் எழுதவும் இல்லை.

பாப்பா, நான் ஆயுள் முழுக்க எழுத்து எழுதினவன். தூரத்திலிருந்து தெரிய வேண்டும், லாரி ஓடும்போதும் தெரிய வேண்டும், முதலாளி பெயர் மற்றதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எந்த எழுத்தும் யாருக்காவது கட்டுப்பட்டதாகவே இருந்தது. இங்கே ஒரு பெரிய மனிதர் யாருக்கும் கட்டுப்படாத எழுத்தை வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார். என் கை தானாகத் தொடையில் கோடு இழுக்க ஆரம்பித்ததை அங்கே நின்றபோது உணர்ந்தேன்.

அந்த இடம் எப்படி உண்டாயிற்று என்பதும் உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் உன் இரண்டாவது கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. படம் மட்டும் வரைந்தால் சோறு கிடைக்காது என்று பணிக்கருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே பாத்திக் துணி போட்டார்கள், கைவினைப் பொருள் செய்தார்கள். அதை விற்ற காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் அந்தக் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். மெழுகும் சாயமும் பிடித்த அதே கைகள்தான் கேன்வாஸிலும் தீட்டின. துணி வயிற்றைப் பார்த்துக்கொண்டது. விற்றே தீர வேண்டும் என்ற சுமையை அவர்கள் படத்தின் தலையிலிருந்து இறக்கி வைத்தார்கள்.

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கோட்டோவியங்களை நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது காட்டியிருக்கிறேன். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தன. அவர் நெசவாளர் சேவை மையத்தில் டிசைனராக வேலை பார்த்தவர். நீ செய்கிற விளம்பர டிசைன் உத்தியோகத்துக்கு அண்ணன் தம்பி மாதிரியான உத்தியோகம்தான். சம்பளத்துக்கு டிசைன் போட்டதால் அவருடைய கோடு செத்துவிடவில்லை. கறுப்புக் கோட்டுக்குப் பேர்போன அந்த மனிதர் பிற்காலத்தில் கோட்டையே விட்டு வண்ணத்துக்குள் போனார். அதையும் யாரும் அவரிடம் ஆர்டர் கொடுத்துக் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து திரும்பிய வாரமே ஒரு பேடும் நீர்வண்ணப் பெட்டியும் வாங்கிக்கொண்டு சயனைடு மேட்டுக்குப் போனேன். ஏன் அங்கே என்றால், நான் பிறந்தது முதல் கண்ணெதிரே கிடப்பது அது ஒன்றுதான், ஒரு நாளும் வரையவில்லை. உன் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர். அவரைப் போன்றவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை போய் வெட்டிய கல்லை மேலே ஏற்றி, மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டியதுதான் அந்த மேடு. 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போயிற்று. 3 கோடி டன்னுக்கு மேல் மண் நம்மிடம் தங்கிற்று. காற்றுக் காலத்தில் அது பறந்து சோற்றுத் தட்டில் விழுவதும், சுரங்கத்துக் கல்தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸில் நம் ஆட்கள் இருமிச் செத்ததும் எனக்கு மறக்கவில்லை. அதனால் அந்த மேட்டை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பார்க்கத் தகுந்தது. பார்க்கப்பட வேண்டியது.

2018-இல் வந்த 'கே.ஜி.எஃப்.' சினிமாவைப் பார்த்தவர்கள் நம் ஊரே கரி படிந்தது என்று நம்புகிறார்கள். அந்த மேட்டில் படம் எடுத்தும் அதன் நிறத்தைக் காட்டாமல் போனார்கள் என்பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. காலை ஏழு மணிக்கு வந்து பார். கிழக்குச் சரிவு வெளிர் மஞ்சள். மஞ்சள் காவியை வெறுமனே தண்ணீரில் இளக்கினால் அந்த நிறம் வராது, துளி ஊதா சேர்ந்தால்தான் அந்த வறட்சி வரும். மழை அறுத்துவிட்ட ஓடைகளுக்குள் நிழல் விழுந்திருக்கும். கறுப்பு டியூபைத் தொடாதே. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் ஒரு சாம்பல் கிடைக்கும், அதுதான் அந்த நிழல். பத்து மணிக்கெல்லாம் நிழல் சுருங்கி மேடு தட்டையாகிவிடும், உச்சி வெயிலில் கண் கூசும் வெள்ளை. மழை பெய்த மறுநாள் அரைத்த கடுகின் நிறம். ஒரே சரிவுதான், ஒரே இடத்தில்தான் உட்காருகிறேன், இன்னும் தீரவில்லை.

இதில் சந்தோஷம் எப்போது வந்தது என்று கேட்டால், முதல் படத்திலோ நல்ல படத்திலோ வரவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரம் தாண்டியது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பேடில் இருந்த படம் சுமார்தான். யார் கேட்டு இதை வரைகிறோம் என்ற எண்ணமே எழவில்லை என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் கரித்துண்டால் லைன் வீட்டுச் சுவரில் கிறுக்கியபோது இருந்த அதே நிலை. அது தினமும் வருவதில்லை. பாதி நாள் வெறும் உழைப்புதான். வராத நாளிலும் போய் உட்கார்ந்தால்தான் வருகிற நாள் என்று ஒன்று இருக்கும். போட்டோ பார்த்து வரைகிற வேலையை நான் இன்னும் விடவில்லை, மாதத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. இப்போது அந்த முகங்களைக்கூட நிஜமாகவே பார்க்கிறேன்.

ஆகவே வேலையை விடாதே. வேலையை விட்டுவிட்டு வரைய உட்கார்ந்தால், அடுத்த மாதம் அந்தப் படம்தான் வாடகை கட்ட வேண்டும், உன் நைனாவின் மருந்துக்கும் அதுவே காசு கொடுக்க வேண்டும். இப்போது கம்பெனிக்குப் போடுகிற விளம்பரத்தின் மேல் இருக்கிற வெறுப்பு அப்போது உன் சொந்தப் படத்தின் மேல் வரும். கம்பெனியில் மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்யச் சொன்னாலோ, உடம்பு கெட்டாலோ, அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வா, நான் துணை நிற்கிறேன். வரைவதற்காக என்று விடாதே.

வரைகிறதை மட்டும் ஒரு வருஷம் யாரும் தொட முடியாத இடத்தில் வை. இன்ஸ்டாகிராமில் போடாதே. எனக்குக்கூடக் காட்ட வேண்டாம். மேட்டில் என்னைப் பார்த்த ஒருத்தர் விலை கேட்டார், நல்ல விலைதான், கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மறுநாள் காலை அவருக்குப் பிடிக்குமா என்று யோசித்துக்கொண்டே பிரஷ்ஷை நனைத்திருப்பேன்.

பகலெல்லாம் ஸ்கிரீன் பார்க்கிறவள் நீ, அதனால் வரைவது தாளிலேயே இருக்கட்டும். தாளில் அண்டூ கிடையாது, தப்பான கோடும் அங்கேயே இருக்கும், அடுத்த கோடு அதைப் பார்த்துத்தான் விழ வேண்டும். நேரம் இல்லை என்று சொல்லாதே. போகவும் வரவும் வண்டியில் உட்காருகிறாயே, ஒரு சின்ன நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் போதும். உன்னோடு வருகிறவர்கள் பாதிப்பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். தூங்குகிறவர் முகத்தை வரையாதே, அது அவருக்குத் தெரியாமல் எடுப்பது. கைகளை வரை. பையைப் பிடித்த கை, கம்பியைப் பிடித்த கை, மடியில் சும்மா கிடக்கிற கை. சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரைச் சுமப்பது அந்த வண்டியில் போய்த் திரும்புகிற கைகள்தான், அவற்றை இதுவரை யாரும் உட்கார்ந்து வரைந்ததாக நான் பார்த்ததில்லை.

இந்த ஞாயிறு தூங்கிக் கழிக்காதே. காலை ஆறு மணிக்குள் என் வீட்டுக்கு வந்துவிடு, மேட்டுக்குப் போகலாம். தாளும் வண்ணமும் நான் தருகிறேன். பிரஷ் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும், 8-ஆம் நம்பர் ரவுண்டு ஒன்று வாங்கிக்கொண்டு வா. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
பெரியப்பா