லைசென்ஸுக்குப் படிப்போம்

எங்கள் எழுத்தறிவு மையம் லாரிப் பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கும். நான் அங்கே தொண்டனாகப் பாடம் சொல்லித் தருகிறேன்.

வகுப்புக்கு ஓர் அண்ணன் வருவார். அவருக்கு வயது 34. பதினைந்து வருடமாக லாரியில் கிளீனர். நாசிக் வெங்காயம், நாக்பூர் ஆரஞ்சு என்று பல ஊர் லோடு பார்த்தவர். சென்ற ஆண்டுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்தார்.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை தம்பி. எல்.எல்.ஆர். தேர்வுக்குப் போனேன். தோற்றுவிட்டேன்."

"படித்துவிட்டுத்தானே போனீர்கள்?"

"எங்கே படித்தேன்? ஒருவர் விடைத்தாள் விற்றார். முதல் கேள்விக்கு இரண்டாவது விடை, அடுத்த கேள்விக்கு மூன்றாவது விடை என்று மனப்பாடம் செய்தேன். அங்கே கேள்விகள் வேறு வரிசையில் வந்தன. காசும் போயிற்று, ஒரு நாள் கூலியும் போயிற்று."

"பரவாயில்லை அண்ணா. மறுபடியும் எழுதலாம். இந்த முறை கேள்வியைப் படிப்போம். விடை தானாக வரும்" என்றேன்.

அன்று முதல் நாங்கள் சேர்ந்து படித்த பாடம் இது. நீங்களும் படியுங்கள்.

லாரி வரை எத்தனை படி?

லாரி ஓட்ட வேண்டும் என்றால் முதலில் கார் போன்ற இலகு ரக வண்டிக்கு உரிமம் வாங்க வேண்டும். அதற்கு 18 வயது நிறைய வேண்டும்.

முதல் படி, பழகுநர் உரிமம். இதைத்தான் எல்.எல்.ஆர். என்கிறோம். அறிவுத் தேர்வில் வென்றால் இது கிடைக்கும். ஆறு மாதம் செல்லும். இதை வைத்துக்கொண்டு தனியாக வண்டி ஓட்டக்கூடாது. உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தர வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும்.

இரண்டாம் படி, ஓட்டிக் காட்டும் தேர்வு. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகு இதற்குப் போகலாம். இதில் வென்றால் லைசென்ஸ்.

மூன்றாம் படி, லாரி. இலகு ரக லைசென்ஸ் வாங்கி ஓர் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 20 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவர் சான்று வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். பிறகு லாரியை ஓட்டிக் காட்ட வேண்டும்.

"எட்டாவது பாஸ் கேட்பார்களே, தம்பி?" என்றார் அண்ணன்.

முன்பு அப்படித்தான் இருந்தது. 2019ஆம் ஆண்டு மத்திய அரசு அந்த விதியை நீக்கிவிட்டது. பள்ளிக்கூடம் போகாதவரும் இப்போது லாரி லைசென்ஸ் வாங்கலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். லைசென்ஸ் உள்ளவருக்கு அறிவுத் தேர்வு மறுபடியும் கிடையாது. காருக்காக ஒரு முறை படிக்கிறோம். அந்த அறிவுதான் நாளை லாரிக்கும் துணை. அதனால் முதல் முறையே புரிந்து படிக்க வேண்டும்.

என்ன கேட்பார்கள்?

நான்கு விஷயங்களில் கேள்வி கேட்பார்கள்.

1. சாலைக் குறிகளும் சாலை விதிகளும்
2. விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை
3. ஆள் இல்லாத ரயில் கேட்டைக் கடக்கும் முறை
4. வண்டியில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் சில விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதை நாம் காட்ட வேண்டும். நூற்றுக்கு 60 சரியாக இருந்தால் வெற்றி. பத்துக் கேள்வி என்றால் ஆறு சரியாக இருக்க வேண்டும்.

பலகை பேசும்

சாலையோரப் பலகைகளில் மூன்று வகை உண்டு.

வட்டம் என்றால் உத்தரவு. மீறினால் குற்றம். சிவப்பு வட்டத்துக்குள் லாரிப் படம் போட்டுக் குறுக்கே கோடு இருந்தால், அந்த வழியில் லாரி போகக்கூடாது.

முக்கோணம் என்றால் எச்சரிக்கை. முன்னால் வளைவு, பள்ளிக்கூடம், குறுகிய பாலம் என்று சொல்லும். வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சதுரம் அல்லது நீள்சதுரம் என்றால் தகவல். மருத்துவமனை, பெட்ரோல் பங்க் எங்கே என்று சொல்லும்.

இரண்டு பலகைகள் மட்டும் தனி வடிவம். எட்டு மூலைச் சிவப்புப் பலகை 'நில்' என்று சொல்லும். தலைகீழ் முக்கோணம் 'மற்ற வண்டிக்கு வழி விடு' என்று சொல்லும். இவையும் உத்தரவுதான்.

நான் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். உள்ளே '3.5 மீ' என்று எழுதினேன். எண்ணுக்கு மேலும் கீழும் சிறு முக்கோணம் வரைந்தேன்.

"மூன்றரை மீட்டருக்கு மேல் உயரமான வண்டி போகக்கூடாது என்று அர்த்தம்" என்றேன்.

அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பலகையை நான் பார்த்திருக்கிறேன் தம்பி. ஒரு ராத்திரி. டிரைவருக்கு அது புது வழி. நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். பலகையை முதலில் பார்த்தது நான்தான். என்னவென்று தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த நிமிஷம் ரயில் பாலத்தில் லோடு இடித்தது. தார்ப்பாய் கிழிந்து மூட்டையெல்லாம் ரோட்டில் விழுந்தது. பின்னால் ஒரு பைக்காரர் வந்தார். மயிரிழையில் தப்பினார். அன்றைக்கு இந்த எண்ணைப் படித்திருந்தால் 'நிறுத்துங்கண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்."

வகுப்பில் யாரும் பேசவில்லை.

இந்தியாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வடிவங்கள் இவைதான். மராத்தி தெரியாவிட்டாலும், இந்தி தெரியாவிட்டாலும் முக்கோணத்தைப் படிக்கலாம்.

சாலை விதிகள்

வண்டியை இடது பக்கமாக ஓட்ட வேண்டும். முன்னால் போகும் வண்டியை வலது பக்கமாக முந்த வேண்டும். வளைவிலும், எதிரே வருவது தெரியாத இடத்திலும் முந்தக்கூடாது.

வெள்ளைக் கோட்டில் மக்கள் கடந்தால் நின்று வழி விட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்க வேண்டும்.

குறுகிய மலைப் பாதையில் இரண்டு வண்டிகள் சந்தித்தால் யார் நிற்க வேண்டும்? இறங்கும் வண்டி நிற்க வேண்டும். ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். லோடு ஏற்றிய வண்டி மேட்டில் நின்றால் மறுபடி கிளப்புவது கஷ்டம். காரணம் தெரிந்தால் விதி மறக்காது.

ரயில் கேட்

ஆள் இல்லாத ரயில் கேட்டில் வண்டியை நிறுத்த வேண்டும். கிளீனர் இறங்கி நடந்து போய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ரயில் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு வண்டியை அழைத்துப் போக வேண்டும். கிளீனர் இல்லாவிட்டால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும்.

அகலப் பாதை ரயில்களில் ஆள் இல்லாத கேட்டுகளை 2019ஆம் ஆண்டுக்குள் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சட்டத்தில் இந்தக் கடமை இருக்கிறது. தேர்வுப் பாடத்திலும் இருக்கிறது.

விபத்து நடந்தால்

பயத்தில் ஓடக்கூடாது. அடிபட்டவரை உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது, நிற்க முடியவில்லை என்றால், பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்.

வண்டியில் என்ன இருக்க வேண்டும்?

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் வேண்டும். லாரி என்றால் எஃப்.சி., பர்மிட் இரண்டும் சேர்ந்து ஆறு. அரசின் டிஜிலாக்கர் செயலி வழியாகக் கைப்பேசியில் காட்டினாலும் செல்லும். ஒவ்வொன்றிலும் முடியும் தேதி எது என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

அண்ணன் மறுபடி தேர்வுக்குப் போனார். சாயங்காலம் மையத்துக்கு வந்தார். கையில் எல்.எல்.ஆர். இருந்தது. வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள்.

"கேள்வி வரிசை மாறித்தான் வந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் படித்தேன். இரண்டுதான் தப்பு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த இரண்டும் என்னவென்று இன்றைக்குப் படிக்க வேண்டும் தம்பி. ரோட்டில் போய்த் தப்பு விடக்கூடாது" என்றார்.

பயிற்சி

சரியான விடையைச் சொல்லுங்கள். ஏன் அது சரி என்றும் பேசுங்கள்.

1. குறுகிய பாலத்தில் எதிரே ஒரு வண்டி ஏறப் போகிறது. நீங்கள் என்ன செய்ய வேண்டும்?
அ. ஹாரன் அடித்துக்கொண்டு போக வேண்டும்
ஆ. அது கடக்கும்வரை நிற்க வேண்டும்
இ. வேகமாக முதலில் ஏற வேண்டும்

2. முக்கோணப் பலகை எதைச் சொல்லும்?
அ. தகவல்
ஆ. எச்சரிக்கை
இ. விளம்பரம்

3. விபத்தை எத்தனை மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்?
அ. 24
ஆ. 48
இ. 72

விடைகள்: 1 - ஆ, 2 - ஆ, 3 - அ.

செய்து பாருங்கள்

வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை சாலைப் பலகைகள் இருக்கின்றன? எண்ணுங்கள். வட்டம் எத்தனை, முக்கோணம் எத்தனை என்று எழுதுங்கள். புரியாத பலகையைப் படமாக வரைந்து வாருங்கள். நாளை வகுப்பில் சேர்ந்து படிப்போம்.